சொந்த ஜனங்களிடமே நியாயம் கேட்ட யூத குருமார்கள்

2025 ஜூலை மாதக் கடைசியில் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் ஒரு சம்பவம் நடந்தது. செனட் சபை உறுப்பினர்களின் அலுவலகக் கட்டிடத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட யூத குருமார்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள். போலீஸார் அவர்களைக் கைது செய்து கொண்டு போனார்கள்.

அவர்கள் கேட்டது பதவி அல்ல, பணம் அல்ல. காஸாவில் பட்டினி கிடக்கும் பாலஸ்தீன மக்களுக்கு உணவு போய்ச் சேரட்டும் என்பதுதான் கோரிக்கை!

அதே நாட்களில் உலகெங்கும் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத குருமார்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஹமாஸின் கொடுமையை அவர்கள் கண்டித்தார்கள். கூடவே, பட்டினியை யுத்த ஆயுதமாக்கக் கூடாது என்று இஸ்ரேல் சர்க்காருக்கும் இடித்துரைத்தார்கள். அடுத்த மாதம் வைதிகப் பிரிவைச் சேர்ந்த சுமார் 80 குருமார்களும் தனியே குரல் கொடுத்தார்கள். பழமையில் பிடிப்புள்ள வைதிகர்களிடமிருந்து இப்படி ஓர் அறிக்கை வருவது அபூர்வம்.

யூத நாட்டை யூத குருவே கண்டிப்பதா? இது துரோகமா, தர்மமா? இந்தக் கேள்விக்கு விடை காண, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ரபி என்பவர் யார்?

யூத குருவுக்கு 'ரபி' என்று பெயர். அவர் பூசாரி அல்ல. வேத சட்டத்தைக் கற்றுத் தேர்ந்த ஆசிரியர். ரோமிலே போப் இருப்பது போல் யூதர்கள் அனைவருக்கும் ஒரே தலைவர் கிடையாது. ஆகவே எந்த ரபியும் தம் மனச்சாட்சிப்படி பேசலாம். ஆனால் அவர் பேச்சு மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. இதுவே அவர்களுடைய பலம். இதுவே பலவீனமும் கூட.

அவர்களுடைய வேதத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. தாவீது மகாராஜா தவறு செய்தபோது, நாத்தான் என்ற தீர்க்கதரிசி நேரே அரண்மனைக்குப் போய் அரசனின் குற்றத்தை எடுத்துரைத்தார். ஆமோஸ், ஏசாயா போன்றவர்களும் அந்நியரைவிடச் சொந்த ஜனங்களையே அதிகமாகக் கடிந்துகொண்டார்கள். அந்நியனை ஒடுக்காதே, நீயும் ஒரு காலத்தில் எகிப்திலே அந்நியனாக இருந்தவன் என்ற கருத்து வேதத்தில் 36 இடங்களில் வருவதாகத் தால்முத் என்னும் பழைய நூல் கணக்குச் சொல்கிறது.

ஏட்டில் இருப்பது வேறு. நாட்டில் நடப்பது வேறு. ஏட்டை நாட்டுக்குக் கொண்டுவர முயன்றவர்களில் சிலரைப் பார்ப்போம்.

மௌனமே பெரும் குற்றம்

ஜோயகிம் பிரின்ஸ் என்பவர் பெர்லின் நகரில் ரபியாக இருந்தவர். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்துப் பேசியதால் 1937-ல் ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்டு, அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

1963 ஆகஸ்டு 28-ம் தேதி வாஷிங்டனில் கறுப்பின மக்களின் உரிமைக்காக மாபெரும் பேரணி நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் தம் புகழ் பெற்ற சொற்பொழிவை நிகழ்த்துவதற்குச் சற்று முன்பு பேசியவர் இந்த பிரின்ஸ்தான். பகைமையும் துவேஷமும் பெரிய ஆபத்துத்தான். ஆனால் அவற்றைவிடப் பெரிய ஆபத்து நல்லவர்களின் மௌனம் என்று பெர்லினில் தாம் கற்ற பாடத்தை அவர் கூறினார்.

மறு வருஷம் 1964 ஜூன் 18-ம் தேதி, புளோரிடா மாகாணத்தில் உள்ள செயின்ட் அகஸ்டின் என்ற ஊரிலே 16 ரபிகள் கைதானார்கள். கிங் விடுத்த அழைப்பை ஏற்று வந்தவர்கள் அவர்கள். வெள்ளையருக்கு மட்டுமே இடம் தரும் ஒரு ஓட்டலின் முன்னே நின்று பிரார்த்தனை செய்தார்கள். அந்த ஓட்டலின் நீச்சல் குளத்தில் கறுப்பின இளைஞர்கள் இறங்கியபோது, உரிமையாளர் தண்ணீரிலே அமிலத்தை ஊற்றினார்! ரபிகள் அன்றிரவு சிறையிலே உட்கார்ந்து, தாங்கள் ஏன் வந்தோம் என்பதை விளக்கி ஒரு கடிதம் எழுதினார்கள். மறுநாளே செனட் சபை சிவில் உரிமை மசோதாவை நிறைவேற்றியது.

1965 மார்ச்சில் செல்மா நகரிலிருந்து கிங் பாதயாத்திரை புறப்பட்டபோது, முதல் வரிசையிலே வெண்தாடியுடன் நடந்தவர் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல். போலந்தில் பிறந்தவர். தாயும் சகோதரிகளும் நாஜிக் கொடுமைக்குப் பலியானார்கள். தம் கால்களே பிரார்த்தனை செய்ததாக உணர்ந்தேன் என்று அவர் பின்னால் சொன்னார். அதே வருஷம் ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

சிறைக் கதவைத் தட்டியவர்

அமெரிக்காவில் ஜனநாயகம் இருந்தது. சர்வாதிகாரம் நடக்கும் நாட்டில் என்ன செய்வது?

மார்ஷல் மேயர் என்ற அமெரிக்க ரபி 1959-ல் ஆர்ஜென்டினாவுக்குப் போனார். 1976-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இளைஞர்களும் எழுத்தாளர்களும் இரவோடு இரவாகக் கடத்தப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. வாயைத் திறந்தால் ஆபத்து என்று எண்ணி யூத சமூகத் தலைவர்கள் பலர் அடக்கியே வாசித்தார்கள். மேயர் அப்படி இருக்கவில்லை. சிறைகளுக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்தார். சித்திரவதைக்கு ஆளான பத்திரிகை ஆசிரியர் ஜேகோபோ டிமர்மன், சிறை அனுபவங்களைப் பற்றித் தாம் எழுதிய நூலை மேயருக்கே காணிக்கையாக்கினார்.

1983-ல் ஜனநாயகம் திரும்பியதும், காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஜனாதிபதி அல்ஃபோன்சின் ஒரு கமிஷன் அமைத்தார். அதில் மேயரும் ஓர் அங்கத்தினர். 8,961 பேர் காணாமற்போனதை அந்தக் கமிஷன் பதிவு செய்தது. உண்மைத் தொகை 30,000 வரை இருக்கும் என்பது மனித உரிமை ஸ்தாபனங்களின் மதிப்பு. 1985-ல் ராணுவத் தலைவர்கள் கூண்டில் ஏறியபோது, அந்தக் கமிஷன் திரட்டிய சாட்சியங்கள் அவர்களுக்கு எதிராக நின்றன.

எல்லாவற்றிலும் கடினமான பரீட்சை

இதுவரை சொன்ன இடங்களில் எல்லாம் யூதர்கள் சிறுபான்மையோர். அதிகாரம் வேறொருவர் கையில். ஆனால் துப்பாக்கி தம் இனத்தார் கையிலேயே இருக்கும்போது ஒரு குரு என்ன செய்வார்? அதுதான் இஸ்ரேலில் வந்த பரீட்சை.

1987 டிசம்பரில் மேற்குக் கரையிலும் காஸாவிலும் பாலஸ்தீனர்களின் கிளர்ச்சி வெடித்தது. ராணுவம் கடுமையாக அடக்கியது. டேவிட் ஃபோர்மன் என்ற ரபி மனம் பொறுக்காமல், நாட்டின் தலைமை ரபிகளின் பீடத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். உணவு விதிகளிலும் ஓய்வு நாள் ஆசாரத்திலும் இவ்வளவு அக்கறை காட்டுகிறீர்களே, இந்த அநீதியைப் பற்றி ஏன் பேசவில்லை என்பது அதன் சாரம். 1988-ல் 'மனித உரிமைக்கான ரபிகள்' என்ற சங்கம் பிறந்தது. வைதிகர், சீர்திருத்தப் பிரிவினர் என எல்லாப் பிரிவு ரபிகளும் அதில் சேர்ந்தார்கள்.

அவர்கள் செய்த வேலை என்ன? மேடைப் பேச்சு மட்டும் அல்ல. மேற்குக் கரையில் ஒலிவ மரமே பாலஸ்தீனக் குடியானவனின் ஜீவாதாரம். அக்டோபர், நவம்பரில் காய் பறிக்கும் பருவம். யூதக் குடியேற்றக்காரர்களில் ஒரு சாரார் குடியானவர்களைத் தோப்புக்குள் விடாமல் அடித்து விரட்டுவதும் மரங்களை வெட்டுவதும் வழக்கமாயிற்று. கலவரத்துக்கு அஞ்சி ராணுவமோ, அடிக்கிறவனை விட்டுவிட்டுத் தோட்டக்காரனையே உள்ளே போகாதே என்று தடுத்தது!

ரபிகள் அந்தக் குடியானவர்களோடு கூடவே போய்க் காய் பறித்தார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். 2006 ஜூனில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், குடியானவர்களைத் தடுப்பது முறையல்ல, அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதே ராணுவத்தின் கடமை என்று தீர்ப்பளித்தது. வழக்காடியவர்களில் இந்தச் சங்கமும் ஒன்று.

அதற்காக அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. பல வருஷங்கள் அந்தச் சங்கத்தை நடத்திய ஆரிக் ஆஷர்மன் என்ற ரபியை, 2015 அக்டோபரில் ஒலிவத் தோப்பு ஒன்றின் அருகே முகமூடி அணிந்த ஒருவன் கத்தியுடன் பாய்ந்து தாக்கினான். உயிர் தப்பிய ஆஷர்மன் அந்த வேலையை விட்டுவிடவில்லை.

எதிர்த் தரப்பின் வாதம்

இவர்களை எதிர்ப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். 2023 அக்டோபர் 7-ம் தேதி ஹமாஸ் இயக்கத்தார் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள். 251 பேரைப் பிடித்துச் சென்றார்கள். வீட்டில் பிணம் கிடக்கும்போது எதிரிக்காகப் பரிந்து பேசுவதா என்று கேட்டார்கள். இக்கேள்வியின் வேதனை பொய்யல்ல. மேலும், மேற்குக் கரை முழுவதையும் கடவுள் தங்களுக்கே கொடுத்தார் என்று போதிக்கும் ரபிகளும் இருக்கிறார்கள். அவர்களும் அதே வேதத்தைத்தான் காட்டுகிறார்கள். அவர்களுக்கு அரசியல் செல்வாக்கும் அதிகம்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்த யுத்தத்தில், 2025 ஜூலை முடிவதற்குள் காஸாவில் இறந்தவர்கள் 60,000-ஐத் தாண்டினார்கள் என்பது அங்குள்ள சுகாதார இலாகாவின் கணக்கு. அதில் ஆயிரக்கணக்கானவர்கள் குழந்தைகள். ஹமாஸ் செய்த பாவம், ஒரு குழந்தைக்கு ரொட்டி கொடுக்காமலிருக்க அனுமதிச் சீட்டு ஆகுமா? இதுவே அந்த ரபிகளின் எதிர்க்கேள்வி. இதற்கு நேரான பதில் யாரிடமிருந்தும் வரவில்லை.

பலன் என்ன?

பெரிய பலன் என்று சொல்ல முடியாது. தீர்ப்பு வந்த பிறகும் ஒலிவ மரங்கள் வெட்டப்படுகின்றன, குடியானவர்கள் தாக்கப்படுகிறார்கள். ரபிகளின் அறிக்கையால் சர்க்கார் மாறிவிடவில்லை. எண்ணிக்கையில் அவர்கள் சிறு கூட்டமே.

ஆயினும், ஒரு குடியானவன் தன் மரத்தடிக்குப் போக முடிந்தால் அந்த வருஷம் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. அது சின்ன விஷயம் அல்ல. தன்னைத் தடுத்தவனும் யூதன், தன்னோடு நின்று காய் பறித்தவனும் யூதன் என்று அவன் பிள்ளை பார்த்து வளர்கிறான். சமாதானம் என்று ஒன்று என்றாவது வருமானால், அந்தப் பிள்ளையின் நினைவில் இருந்துதான் அது முளைக்க வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரனின் அநியாயத்தைக் கண்டிப்பது எவருக்கும் எளிது. தன் வீட்டுக்குள் நின்று, இது தவறு என்று சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். மதம் அதிகாரத்துக்குச் சாமரம் வீசுவதா, அதன் கையைப் பிடித்துத் தடுப்பதா என்ற கேள்வி யூதர்களுக்கு மட்டும் உரியதல்ல. எல்லா மதத்தாருக்கும் உரியது.