தேவாலா மழையும் இலேசான ரிவால்வரும்

ஜூன் பிறந்துவிட்டால் தேவாலாவில் இரும்புக்கு நிம்மதி இல்லை. கேரளத்தை நனைத்துவிட்டு மலையேறி வரும் தென்மேற்குப் பருவமழை, தமிழ்நாட்டிலேயே அதிகமாகக் கொட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. கதவுக் கீலிலும் கவாத்துக் கத்தியிலும் ஏறும் துரு, உரிமம் பெற்றுப் பீரோவில் பூட்டி வைத்த கைத்துப்பாக்கியையும் விட்டுவைப்பதில்லை. எடை குறைந்த ரிவால்வர் எவ்வளவு காலம் உழைக்கும் என்ற கேள்வியை இந்த ஈரத்தில் வைத்துக் கேட்டால்தான் நேர்மையான பதில் கிடைக்கும்.

இந்த ஊருக்கும் ஆயுதத்துக்கும் உள்ள உறவு பழையது. 1878இல் ஆங்கிலேய அரசு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியர் உரிமம் வாங்க வேண்டும். அதன் விதிகள் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தன. அடுத்த ஆண்டே, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கப் பணி பார்த்த பிரோ ஸ்மித், தேவாலாவையும் உள்ளடக்கிய வயநாட்டின் தங்கத்தை ஆராய அழைக்கப்பட்டார். அவர் அறிக்கையை நம்பி லண்டன் பணம் தேவாலாவிலும் பந்தலூரிலும் வந்து குவிந்தது. சில ஆண்டுகளிலேயே கம்பெனிகள் சரிந்தன. சட்டைப்பையில் அடங்கும் ரிவால்வர் பரவிய காலமும் அதுவே. பர்மிங்காமின் வெப்லி நிறுவனம் 1872இல் கொண்டுவந்த ‘புல்டாக்’ அதன் முன்மாதிரி. துரைமாருக்குத் தடையின்றிக் கிடைத்தது, சுரங்கம் வெட்டியவனுக்கும் தேயிலை கிள்ளியவளுக்கும் எட்டாத பொருளாக இருந்தது.

அந்த ரிவால்வர்கள் எஃகால் ஆனவை. எடையைக் குறைக்கும் போட்டி சூடுபிடித்தது 1950இல்தான். அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் அலுமினியக் கலவைச் சட்டகத்துடன் ‘கோப்ரா’வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க விமானப்படை இன்னும் ஒரு படி மேலே போய், தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரையும் அலுமினியத்தில் கேட்டு வாங்கியது. வழக்கமான தோட்டாவின் அழுத்தத்தை அந்தச் சிலிண்டர் தாங்கவில்லை. 1950களின் இறுதியில் அந்த ரிவால்வர்களைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை அழித்தார்கள். எடையை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 1999இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், சிலிண்டருக்கு டைட்டானியத்தைத் தேர்ந்தெடுத்தது இந்தப் பாடத்தின் தொடர்ச்சி.

நம் நாட்டில் அந்த அலை 2014 ஜனவரியில் வந்தது. கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை, டைட்டானியக் கலவையில் செய்த .32 ரிவால்வரை ‘நிர்பீக்’ என்ற பெயரில் பெண்களுக்காக அறிமுகப்படுத்தியது. எடை ஏறக்குறைய 500 கிராம், விலை ரூ. 1,22,360. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிந்தைய அச்சம், ‘அச்சமற்ற’ என்று பொருள்படும் அந்தப் பெயரிலேயே இருந்தது. விலையும் எடையும் அதிகம் பேசப்பட்டன. ஐம்பது ஆண்டு கழித்து அது எப்படி இருக்கும் என்ற பேச்சு எழவில்லை.

எழுந்திருக்க வேண்டும். எஃகின் மேல் தெரியும் கருநீல நிறம், கட்டுப்படுத்தி ஏற்றிய ஒரு வகைத் துருதான். எண்ணெய் இல்லாவிட்டால் அது காப்பாற்றாது. நிக்கல் முலாம் ஓரிடத்தில் உரிந்தால் அதன் அடியிலேயே துரு பரவும். அலுமினியத்தைக் காப்பது மெல்லிய, கடினமான ஆக்சைடு படலம். அது தேய்ந்த இடத்தில் வியர்வையின் உப்பு சேர்ந்தால், எஃகுக் குழல் தொடும் இணைப்பில் அரிப்பு தொடங்கும். டைட்டானியம் துருப்பிடிக்காது. ஆனால் டைட்டானிய ரிவால்வருக்குள் இருக்கும் சுருள்விற்கள் எஃகு, அவை துருப்பிடிக்கும்.

தேய்மானத்திலும் இரு வகை உண்டு. உறையில் உரசிக் குழல் முனை வெளுப்பதும், சிலிண்டரைச் சுற்றி மெல்லிய கோடு விழுவதும் வயதின் அடையாளங்கள். சிலிண்டர் பூட்டிய நிலையிலும் ஆடுவது, குழலுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி கூடுவது, அதற்கு மேலுள்ள சட்டகத்தை வெடிவாயு அரிப்பது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். எடை குறையக் குறைய உதைப்பு கூடும். உதைப்பு கூடினால் இரண்டாம் வகைத் தேய்மானம் விரையும்.

இங்கே நம் நிலைமை அமெரிக்காவினுடையது அல்ல. அங்கே சுட்டுத் தேய்க்கிறார்கள். இங்கே சுடாமலே துருப்பிடிக்க விடுகிறோம். வாங்குபவர் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்கிறார், பிறகு உரிமம் பெற்ற வாரிசு கைக்குப் போகிறது. தோலுறைக்குள்ளேயே போட்டு வைப்பது இன்னும் கேடு: மழைக்காலத்துத் தோல் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்ட வைத்திருக்கும். உறையிலிருந்து எடுத்து, துடைத்து, எண்ணெய் பூசி, உலர்ந்த பெட்டியில் வைப்பது தேவாலா போன்ற ஊரில் கடமை.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தியது. ஐந்து மழைக்காலம் ஒரு எஃகுச் சுருள்வில்லைப் பாழாக்கப் போதும். எனவே உரிமம் புதுப்பிக்கும்போது வரிசை எண்ணைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடாமல், தேர்ந்த ஆயுதப் பணியாளர் ஒருவர் துப்பாக்கியின் நிலையையும் பரிசோதிக்க வேண்டும். உற்பத்தி செய்யும் அரசு நிறுவனங்கள் எடையை விளம்பரப்படுத்தும் அளவுக்கு, பூச்சின் ஆயுளையும் ஈரநிலத்தில் பராமரிக்கும் முறையையும் தமிழிலேயே அச்சிட்டுத் தர வேண்டும். கெட்டுப்போன ரிவால்வர் திருடனை அச்சுறுத்துவதைவிட உடையவரின் கையையும் அருகில் நிற்பவரையும் காயப்படுத்தவே அதிகம் வாய்ப்புண்டு. ஆயுதத்தை அனுமதிக்கும் அரசும் அதைக் கேட்டு வாங்கும் குடிமகனும் இந்தப் பொறுப்பைச் சேர்ந்தே சுமக்க வேண்டும்.