‘கொஞ்சம் இனிப்பு நீர்’ என்று ஒரு நோய் இல்லை!



மொழி கற்பிக்கும் எவருக்கும் சொற்கள்மீது ஓர் ஐயப்பார்வை உண்டு. ஒரு சொல் உண்மையைக் காட்டுகின்றதா, மூடி மறைக்கின்றதா என்று பார்ப்பது எங்கள் தொழிற்பழக்கம். அந்தப் பழக்கத்தோடு, நம் மலேசியத் தமிழர் வீடுகளிலும் பள்ளி ஆசிரியர் அறைகளிலும் அடிக்கடி ஒலிக்கும் ஒரு தொடரை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

“எனக்குக் கொஞ்சம் இனிப்பு நீர் இருக்கிறதாம். பார்டர்லைன்தானாம். மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.”

இதைச் சொல்பவரின் முகத்தைப் பாருங்கள். ஒரு மதிப்பெண்ணில் தேர்ச்சி பெற்றுவிட்ட மாணவனின் நிம்மதி அதில் இருக்கும். கேட்பவரும், “அப்படியானால் பரவாயில்லை” என்று கூறி, தே தாரிக் ஒன்றை முன்னால் நகர்த்தி வைப்பார். இந்த நிம்மதியைத்தான் நான் எதிர்க்கிறேன். ‘கொஞ்சம் இனிப்பு நீர்’ என்று ஒரு நோய் இல்லை. அதற்கு முன்நீரிழிவு என்று பெயர். முழு நீரிழிவுக்குள் காலடி வைக்குமுன், திரும்பிச் செல்வதற்கு உடல் நமக்குத் தரும் கெடு அது. அந்தக் கெடுவைத்தான் நாம் பலகாரத்தோடு சேர்த்துத் தின்று தீர்க்கின்றோம்!

எண்களைப் பார்ப்போம். இரத்தச் சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியுள்ளது என்பதை எச்பிஏ1சி சோதனை காட்டும். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிக் கணக்கு அது. மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி 5.7 முதல் 6.2 விழுக்காடு வரை முன்நீரிழிவு, 6.3 ஆகிவிட்டால் நீரிழிவு. இடையில் இருப்பது அரை விழுக்காடு. இவ்வளவு குறுகிய வரப்பின்மேல் நின்றுகொண்டு ‘பரவாயில்லை’ என்று சொல்ல எப்படி நமக்கு நா எழுகின்றது?

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வு, மலேசியாவின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. இந்தியர்களிடையே அந்த அளவு 31.4 விழுக்காடு. நாட்டின் எல்லா இனங்களையும்விட அதிகம். ஏறத்தாழ மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 ஆகக் குறைந்தது. ஆயினும் நோயுள்ள ஐவரில் இருவர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள் என்றும் அதே ஆய்வு கூறிற்று. இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதானதற்கு நீரிழிவே காரணம். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள எந்த டயாலிசிஸ் மையத்திற்கும் ஒருநாள் காலையில் சென்று பாருங்கள். அங்கு அமர்ந்திருப்போரின் முகங்கள் நமக்கு அந்நியமாக இரா.

“நம் இனத்துக்கு எப்படியும் வரும்” என்னும் பொய்

இந்தப் பேச்சை எடுத்தவுடன் முதலில் வருவது விதிவாதம். “அப்பாவுக்கு இருந்தது, பாட்டிக்கு இருந்தது, எனக்கும் வந்தே தீரும்.”

மரபணுவின் பங்கை நான் மறுக்கவில்லை. தெற்காசியர்களுக்கு உடல் எடை அதிகம் ஏறாதபோதே வயிற்றில் கொழுப்பு சேர்வதும், இளம் வயதிலேயே சர்க்கரை உயர்வதும் மருத்துவ உலகம் அறிந்த உண்மைகள். ஆனால் மரபு சொல்வது, ‘நீ கூடுதல் கவனமாக இரு’ என்பதைத்தான். ‘கைகட்டி நில்’ என்று அது எங்கே சொன்னது?

நம்மைப் போன்ற உடலும் உணவும் உடையவர்களிடமே இது சோதிக்கப்பட்டுள்ளது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. முன்நீரிழிவு நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39 விழுக்காடு. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு வெளிவந்த பெரிய ஆய்வில், எடையில் ஏழு விழுக்காடு குறைப்பதையும் வாரத்திற்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்கள் நோய் வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்தனர். மெட்ஃபோர்மின் மாத்திரை 31 விழுக்காடு குறைத்தது. மாத்திரையைவிடத் தட்டும் காலும் வென்றன!

விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்?

“சோறு நம் பண்பாடு” என்னும் வாதம்

அடுத்த வாதம் பண்பாட்டின் பெயரால் வரும். “சோற்றைக் குறை என்கிறாயே, தமிழன் சோற்றை விடலாமா?”

விடச் சொல்லவில்லை, ஐயா. அளவைத்தான் கேட்கிறேன். நம் தாத்தா பாட்டிகள் விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவி, பால் வாளிகளைச் சுமந்து நடந்தவர்கள். அவர்கள் தின்ற சோற்றை அவர்களின் தசைகள் அன்றைக்கே எரித்துத் தீர்த்தன. தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். மின்தூக்கியில் ஏறுகிறோம், நெரிசலில் காருக்குள் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கிறோம். உழைப்பு தோட்டத்திலேயே தங்கிவிட்டது. சோற்றுக் குவியல் மட்டும் நம்மோடு குடிபெயர்ந்து வந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலோ வாழை இலைச் சாப்பாட்டுக்கு அமருங்கள். நாம் கேட்காமலே இரண்டாம் முறையும் சோறு வரும். கேட்டால் காய்கறியும் மறுபடி வைப்பார்கள். நாம்தான் கேட்பதில்லை! சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. இலையில் 400 கிராம் சோறு விழுந்தால் 112 கிராம். அதன்பின் அப்பளம், பாயசம், கெட்டிப்பால் கலந்த தேநீர். கெட்டிப்பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை என்பதை எத்தனை பேர் அறிவோம்?

5 கிராமுக்கு மேல் சர்க்கரை கலந்த ஒவ்வொரு 100 மில்லிலிட்டர் பானத்தையும் குறிவைத்து, அரசாங்கம் 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2025இல் அது 90 சென் ஆனது. நல்லதுதான். ஆனால் கடையில் இழுத்து ஊற்றும் தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை. அதற்கு வரி போட வேண்டியவர்கள் நாமே. ‘கூராங் மானிஸ்’ என்று தொடங்கி, ‘தே ஓ கோசோங்’ வரை வந்து சேர்வதற்கு ஒரு சென் செலவில்லை.

பண்பாடு என்று பேசுவோருக்கு இன்னொன்று. வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். பத்துக் குறளில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை; ஆறு குறள்கள் உண்ணும் அளவையும் முறையையும் பற்றியவை. அதை வகுப்பில் பொருள் கூறி நடத்திவிட்டு, மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலையில் மூன்று ரொட்டி சானாய் எடுப்பது எந்தப் பண்பாடு?

மறுபக்கத்து மயக்கம்

இதனைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் கண்டிக்க வேண்டும். “மாவுச்சத்தே நஞ்சு” என்று முழங்குவோர் ஒருபுறம். “ஒரே மாதத்தில் முற்றிலும் குணம்” என்று பொடி விற்போர் மறுபுறம். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை என்று மாறினால் போதும் என்பவர்களும் உளர். இரத்தத்தில் கலந்தபின் அவையும் சர்க்கரையே. கேழ்வரகு நல்லது, ஆனால் அதைக் கூழாகக் கரைத்து, இனிப்பும் சேர்த்துக் குடித்தால் அதுவும் சர்க்கரையை விரைந்து ஏற்றும்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்தோர், இந்தியா முழுவதும் 18,000க்கும் மேற்பட்டோரின் உணவுத் தரவுகளைக் கொண்டு 2022இல் ஒரு கணக்கீட்டை வெளியிட்டனர். முன்நீரிழிவிலிருந்து மீள, மொத்த ஆற்றலில் மாவுச்சத்து ஏறத்தாழப் பாதியாகவும், புரதம் ஐந்தில் ஒரு பங்காகவும் இருப்பது உதவும் என்பது அதன் சாரம். அது கணிதமுறைக் கணிப்பே. நேரடிச் சோதனை அன்று. ஆனாலும் கைக்கு எட்டும் இலக்கு. நம் சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ தட்டும் அதே வழியைத்தான் காட்டுகின்றது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ முட்டையோ பருப்போ, அரைத் தட்டு காய்கறியும் பழமும்.

“இதெல்லாம் பணக்காரர் சாப்பாடு” என்பீர்கள். இல்லை. முட்டை, தௌபூ, தெம்பே, தவ்கே, கங்கோங் கீரை, கெம்போங் மீன் ஆகியவை அந்நியப் பொருள்களா? நம் சந்தையில் நாள்தோறும் கிடைப்பவை. செவ்வாய், வெள்ளி மரக்கறி உண்போருக்குச் சுண்டலும் மோரும் இருக்கின்றன.

மன உறுதி என்னும் பழி

“தெரியும் சார், ஆனால் மன உறுதி இல்லை.” இதுதான் கடைசி அரண். இதையும் நான் ஏற்கவில்லை. ஒரு மாணவன் தொடர்ந்து தோற்றால், நல்ல ஆசிரியர் அவன் உறுதியை மட்டும் குறை கூறமாட்டார். அவன் எங்கே அமர்கிறான், வீட்டில் படிக்க இடம் உண்டா என்று பார்ப்பார். உணவிலும் அப்படித்தான். மேசைமீது முறுக்கு டப்பாவும் எதிரில் கெட்டிப்பாலும் வைத்துவிட்டு உறுதியைத் தேடினால் கிடைக்குமா?

எனக்கும் ஒரு சோதனையில் 6.0 என்று வந்தது. நான் செய்தவை சில மட்டுமே. முதலில் காய்கறியும் முட்டையும், பிறகே சோறு. சோற்றுக்குச் சிறிய கிண்ணம் ஒன்று, அதற்குமேல் இல்லை. இரவு உணவுக்குப்பின் பதினைந்து நிமிட நடை. எச்பிஏ1சி மூன்று மாதக் கணக்கு என்பதால், அதைப் பள்ளித் தவணைபோல் எண்ணினேன். நாள்தோறும் தராசில் ஏறி மனம் சோரவில்லை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ஒரு துண்டு அதிரசம் உண்டேன். அடுத்த வேளை மீண்டும் கிண்ணத்துக்குத் திரும்பினேன். ஒரு நாள் வராத மாணவனைப் பள்ளியைவிட்டா நீக்குகிறோம்? மூன்றாம் தவணையில் 5.6 வந்தது. ஒருவர் எண் சான்றாகாது. மேலே சொன்ன ஆய்வுகளே சான்று. ஆனால் வழி நடக்கக் கூடியது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இந்த வழி நடக்க உதவியது என் மன உறுதியன்று. வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டியில் சமையல் மாறியதுதான். நோயாளிக்கென்று தனிப் பத்தியச் சட்டி வைக்கும் வீட்டில் அந்தச் சட்டி நெடுநாள் நிலைப்பதில்லை. இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். நம் வீடுகளில் அம்மா கடைசியில் உண்பார். காய்கறியும் மீனும் அப்போது தீர்ந்திருக்கும். வீணாகக்கூடாதே என்று அடிச்சோறும் குழம்பும் அவர் பங்காகும். பிறகு, “அம்மாவுக்கு இனிப்பு நீர், வாயைக் கட்டமாட்டார்” என்று நாமே பழி சொல்வோம். அம்மாவின் தட்டில் காய்கறியை முதலில் எடுத்து வைப்பவர் யார்?

பள்ளிக்கு இதில் என்ன வேலை?

“ஆசிரியர் பாடத்தைப் பாருங்கள், சாப்பாட்டை விடுங்கள்” என்று சில பெற்றோர் கூறலாம். சரியான விடைக்கு மிட்டாய் கொடுப்பது யார்? பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் இனிப்புப் பானம் அனுப்புவது யார்? நாமும் நீங்களும்தானே! இனிப்பே பரிசு, இனிப்பே அன்பு, இனிப்பே வரவேற்பு என்று ஏழு வயதில் கற்பித்துவிட்டு, நாற்பது வயதில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று ஏசுவது முறையன்று.

குழந்தைகளுக்குச் சோற்றைக் குறைக்கும் உணவுமுறை வேண்டாம், அவர்கள் வளர்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது குடிநீர், காய்கறி, ஓடியாட நேரம். ஆகவே என் கோரிக்கை மூன்றே. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முன்வையுங்கள்.

1. வகுப்பில் பரிசாக மிட்டாய் வேண்டாம். பென்சிலோ கதைநூலோ கொடுப்போம்.

2. கூட்டங்களிலும் பொங்கல் விழாவிலும் சர்க்கரை இல்லாத பானம் முதலில் வைக்கப்படட்டும்; இனிப்பை வேண்டுவோர் கேட்டு வாங்கட்டும்.

3. ஆண்டுக்கு ஒருமுறை, பெற்றோரும் ஆசிரியரும் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் சர்க்கரைச் சோதனை செய்துகொள்வோம். வந்த எண்ணை ‘கொஞ்சம்’ என்று சொல்லாமல், எண்ணாகவே சொல்வோம்.

பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவிற்கு நாம் கண்பார்வையோடும் இரண்டு கால்களோடும் போய் அமர வேண்டாமா? சிந்திப்போம், இன்றைய இரவுச் சாப்பாட்டிலேயே தொடங்குவோம்.

பி.கு: ஏற்கெனவே நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், சிறுநீரகக் குறை உள்ளவர்கள், கருவுற்ற தாய்மார்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைக்க வேண்டாம். மருந்தின் அளவு மாறாமல் உணவு மட்டும் மாறினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.