விளையாட்டுக்கு நடுவே கதை எதற்கு?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்

"விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டும், அதற்குள் கதை எதற்கு?" என்று கேட்போர் ஒரு சாரார். "கதையில்லாத விளையாட்டு உப்பில்லாத பண்டம்" என்போர் மறு சாரார். வீடியோ கேம் ஆடுவோரிடையே உலகெங்கும் நெடுநாளாக நடந்துவரும் இந்த வழக்கு, பழனி மலைச் சாரலில் செல்போனும் கையுமாக அமர்ந்திருக்கும் நம் நண்பர்களையும் தொட்டு நிற்கிறது.

கல்லூரி ஆண்டு மலரில் எழுதத்தக்க பொருள்தானா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் நாவல் படிப்போரையும் நாடகம் பார்ப்போரையும் எண்ணிவிட்டு, இந்த விளையாட்டை ஆடுவோரையும் நம் வகுப்பில் எண்ணிப் பாருங்கள். இத்தனை பேரின் இத்தனை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும் ஒன்றைப் பற்றிச் சிந்திப்பதும் கல்வியின் கடமையே அன்றோ?

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். திடீரென்று நம் விரலுக்கு வேலை இல்லாமல் போகும். திரையில் உள்ளவர்கள் தாமாகவே பேசுவார்கள், சண்டையிடுவார்கள், அழுவார்கள். சிறு திரைப்படம் போல அது ஓடி முடிந்ததும் ஆட்டம் மீண்டும் நம் கைக்கு வரும். இதனை 'கட்சீன்' என்கிறார்கள். நாம் 'இடைக்காட்சி' என்போம்.

வந்த வழி

1980இல் ஜப்பானில் வெளிவந்த 'பேக்-மேன்' விளையாட்டைப் பலரும் அறிவோம். மஞ்சள் உருண்டை ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓட, பேய்கள் துரத்தும். சில சுற்றுகள் முடிந்ததும் சிறு வேடிக்கைக் காட்சி ஒன்று வரும். துரத்திய பேயையே உருண்டை பூதாகரமாகி விரட்டும்! ஆடுபவர் மூச்சு வாங்க ஓர் இடைவேளை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு வந்த 'டாங்கி காங்' விளையாட்டின் தொடக்கத்தில், குரங்கு ஒன்று ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறும். யாரை மீட்க வேண்டும், யாரிடமிருந்து மீட்க வேண்டும் என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் அந்தச் சில நொடிகள் சொல்லிவிட்டன. 1987இல் 'மேனியாக் மேன்ஷன்' என்ற விளையாட்டை உருவாக்கிய ரான் கில்பர்ட் என்பவர்தாம் இத்தகைய காட்சிக்குக் 'கட்சீன்' என்று பெயர் சூட்டினார்.

பிறகு குறுந்தகடு வந்தது. இடம் பெருகியது, காட்சியும் பெருகியது. 1997இல் 'ஃபைனல் ஃபேன்டசி' வரிசையின் ஏழாவது விளையாட்டு மூன்று தகடுகளில் வந்தது. 2008இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்' நான்காம் பகுதியின் இறுதிக் காட்சிகளோ ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீண்டன. ஆட வந்தவன் கைகட்டிப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று!

இரு கட்சியும் சொல்வது

"ஆடுபவனின் கையைக் கட்டிவிட்டுக் கதை சொல்வது விளையாட்டின் இயல்புக்கே மாறானது" என்பது முதல் கட்சியின் வாதம். அவர்கள் காட்டும் சான்று 1998இல் வந்த 'ஹாஃப்-லைஃப்'. அதில் நம் பார்வையைப் பிடுங்கிக்கொள்ளும் காட்சியே கிடையாது. மற்றவர்கள் பேசும்போதும் நாம் நடக்கலாம், திரும்பலாம், எட்டிப் பார்க்கலாம். கதை நம்மைச் சுற்றி நிகழும்.

மறு கட்சியின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. முன்னே சொன்ன ஏழாவது 'ஃபைனல் ஃபேன்டசி'யில், பல மணி நேரம் நம்மோடு துணையாக வந்த ஒரு பெண் நம் கண்ணெதிரே கொல்லப்படுகிறாள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. அந்தக் கையறு நிலைதான் அந்தக் காட்சியின் பொருள். சில துயரங்களை விரலுக்கு வேலை கொடுத்துச் சொல்ல முடியாது. விரலை நிறுத்தித்தான் சொல்ல வேண்டும்.

என் கருத்து இதுதான்: இடைக்காட்சி வேண்டும். அது நீளமா குட்டையா என்பதல்ல எனக்குள்ள கவலை. அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதே கேள்வி. இதை வெளிநாட்டு உதாரணங்களைவிட நம் ஊர்க் கூத்தும், நம் மலைக்கோயிலும் தெளிவாகச் சொல்லும்.

கூத்தும் காவடியும்

தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் உண்டு. வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னே நிற்க, வந்திருப்பவர் யார், எதற்காக வந்தார் என்று கேட்டுச் சபைக்கு அறிவிப்பவன் அவன். ஆட்டத்தை நிறுத்துவான், கிண்டல் செய்வான், பழைய கதையை இன்றைய பேச்சில் சொல்வான். அவன் நிறுத்துவதால் கூத்து கெட்டதா? விடிய விடிய மக்கள் உட்கார்ந்திருந்தார்களே! ஊமைப்படக் காலத்திலும் இப்படித்தான். 1931இல் 'காளிதாஸ்' பேசும் படமாக வருவதற்கு முன்னால், திரை அருகே நின்று கதையை விளக்கிச் சொல்ல ஆள் இருந்தார். புரியாத படத்தைப் புரியாமலே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நம் முன்னோர் விடவில்லை.

இனிப் பழனிக்கு வாருங்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி சுமந்து வருவோரைப் பார்க்காதவர் நம்மில் யார்? சிவகிரி, சக்திகிரி என்ற இரு மலைகளையும் காவடியாகக் கட்டித் தூக்கிவந்த இடும்பன், இங்கே இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க முடியவில்லை. மலைமேல் நின்ற சிறுவனோடு மோதி வீழ்ந்தான். பின் அருள் பெற்று எழுந்தான் என்பது தலபுராணம். இன்று காவடி எடுப்பவர் இந்தக் கதையைத் தம் தோளாலேயே மீண்டும் நிகழ்த்துகிறார். பார்ப்பதற்கான கதை செய்வதற்கான கதையாகிறது. முதல் கட்சியார் கேட்பது இதைத்தானே?

ஆனால் படியேறும் வழியிலேயே இடும்பனுக்கு ஒரு சந்நிதி இருக்கிறது. காவடியோடு வருபவர் அங்கே நிற்கிறார். பாட்டியோ தாத்தாவோ உடன் வரும் சிறுவனுக்கு, "இவர்தாண்டா இடும்பன்" என்று கதையைத் தொடங்குகிறார். ஏறும் கால் சற்று ஓய, காது திறக்கிறது. அதன் பிறகு ஏறும் படிகளுக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. கதை தெரியாதவனுக்குக் காவடி வெறும் சுமை. கதை மட்டும் தெரிந்து, தோளில் சுமக்காதவனுக்கு அது வெறும் செய்தி. இரண்டும் சேரும் இடத்தில்தான் சிலிர்ப்பு. நல்ல விளையாட்டுக்கும் இதுவே இலக்கணம் என்பேன்.

விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கட்டும்; முதியோருக்கும் உடல் முடியாதோருக்கும் அவை வேண்டும். அதுபோல இடைக்காட்சியைத் தாண்டிச் செல்லும் 'ஸ்கிப்' பொத்தானும் வேண்டியதே. பத்து முறை பார்த்த காட்சியைப் பதினோராம் முறையும் பார்க்கச் சொல்வது கொடுமை. ஆனால் முதல் முறையிலேயே எல்லோரும் அந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்றால், அதன் காரணத்தை ஆராய வேண்டாமா?

ஏன் தாண்டுகிறார்கள்?

"இக்கால இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை" என்று சொல்லி இதை முடித்துவிடுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். மூன்று மணி நேரப் படத்தை உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைக்கு மூன்று நிமிடக் காட்சிக்குப் பொறுமை இல்லையா?

'வைஸ் சிட்டி' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 2002இல் வெளிவந்தது. அண்ணன்மார் பிரவுசிங் சென்டரில் ஆடினார்கள். நாங்கள் செல்போனில் ஆடினோம். அதன் நாயகன் 15 ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். வந்ததும் ஒரு பேரத்துக்காக வேற்றூருக்கு அனுப்பப்பட்டு, அங்கே சதிக்கு ஆளாகிப் பணத்தைப் பறிகொடுக்கிறான். அதை மீட்கப் புறப்படுவதே கதை. இது எங்கள் ஊரில் ஆடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கார் ஓட்டத் தெரியும். துப்பாக்கி எங்கே கிடைக்கும் என்று தெரியும். அவன் ஏன் ஓடுகிறான் என்பது மட்டும் தெரியாது. ஏனென்றால் அந்தக் காட்சிகள் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் அமெரிக்கத் தெருப் பேச்சில் ஓடின.

எங்கள் மேல்மலைக் கிராமத்தில், பூண்டு உரித்துக்கொண்டே பேரன் ஆடுவதைப் பார்த்த ஓர் அப்பத்தா கேட்டார்: "ஏண்டா, அவன் எதுக்கு அவனைச் சுடுறான்?"

"தெரியாது அப்பத்தா. சுட்டா பாயிண்ட் வரும்."

இந்த ஒரு பதிலில் எல்லாம் அடங்கிவிட்டது. கதையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுடுதலும் பாயிண்ட்டும்தான். விளையாட்டால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று கவலைப்படும் பெரியோர்கள் இதையும் சற்றுச் சிந்திக்க வேண்டும். ஏன் சுட்டான், சுட்டபின் என்ன ஆனான் என்று சொல்லும் பகுதி அவர்களுக்குப் புரியாத மொழியில் போய்விட்டதே!

இதை நான் வேறோர் இடத்திலும் கண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பள்ளி முழுவதும் தமிழ் வழி. இங்கே பாடம் ஆங்கிலத்தில் ஓடும்போது, என்னைப் போன்றவர்களின் மனத்திலும் ஒரு ஸ்கிப் பொத்தான் இருக்கிறது. சமன்பாட்டை எழுதுவோம், மனப்பாடம் செய்வோம், மதிப்பெண்ணும் வாங்குவோம். அப்பத்தாவிடம் பேரன் சொன்ன அதே பாயிண்ட்! ஆனால் ஒரு பேராசிரியர், என்ட்ரோபி பாடத்தை இரண்டு பலகை நிறைய நடத்திவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார். "இப்பத் தமிழ்ல கேளுங்கப்பா. ஒரு டம்ளர் தண்ணியில ஒரு சொட்டு மை விட்டா பரவும். பரவுன மை தானா திரும்பி ஒரு சொட்டாச் சேருமா?" என்றார். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த ஐந்து நிமிடத்தை எங்களில் ஒருவரும் தாண்டவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின் பலகையில் இருந்த சமன்பாடு பேசத் தொடங்கியது. நல்ல இடைக்காட்சி என்றால் அதுதான்!

வழி பிறந்திருக்கிறது

தமிழில், தமிழர் வாழ்வில் இது முடியுமா என்று ஐயுற வேண்டாம். 2023இல் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' குழுவினர் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம்: தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தன் அம்மா தந்த பழைய சமையல் குறிப்பேடு சிதைந்து போயிருக்க, அழிந்த வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் சமைக்க வேண்டும். அதுவே ஆட்டம். சமையலுக்கும் சமையலுக்கும் இடையில் குடும்பத்தின் பேச்சு வருகிறது. வேலை கிடைக்காத கவலையும், தாய்மொழியை விட்டு விலகும் மகனும் வருகிறார்கள். கை சமைக்கிறது, காட்சி ஏன் சமைக்கிறோம் என்று சொல்கிறது. இடும்பன் சந்நிதியில் நாம் கண்ட அதே பொருத்தம்! சிறிய குழு செய்த இச்சிறிய விளையாட்டு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதைச் சிறந்த அறிமுக விளையாட்டுக்காகப் பெற்றது.

புனேயில் உருவாகி 2020இல் வெளிவந்த 'ராஜி' இன்னொரு சான்று. அதன் இடைக்காட்சிகள் நிழற்பாவைக் கூத்தின் சாயலில் அமைந்தவை. பெரும் பொருட்செலவில் திரைப்படம் போலக் காட்ட வேண்டுமென்ற கட்டாயமில்லை. நம் தோற்பாவைக் கூத்தே போதும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நாம் செய்ய வேண்டுவது

நண்பர்களே! நம் மலையைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் பிறர் எடுத்த காட்சிதான். 1991இல் வந்த 'குணா' படத்தால் ஒரு குகைக்கே பெயர் மாறியது. 2024இல் மலையாளப் படம் ஒன்று வந்து மீண்டும் கூட்டம் கூடியது. வருவோர் வேலிக்கு வெளியே நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பூம்பாறைப் பூண்டு வயலில் குனிந்து நிற்பவரின் கதையோ, இரவில் காட்டுமாடு தெருவுக்குள் வரும்போது விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் வீட்டின் கதையோ, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து 2018இல் மலையை நீலமாக்கிய குறிஞ்சியின் கதையோ எந்த விளையாட்டில் இருக்கிறது?

இதற்குப் பெரிய நிறுவனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரியில் கணினி படிப்போர் இருக்கிறார்கள். தமிழ் இலக்கியம் படிப்போர் இருக்கிறார்கள். கல்லூரி விழாவில் கூத்துக் கட்டும் தோழர்களும் இருக்கிறார்கள். மூவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். முதலில் பத்து நிமிட விளையாட்டு ஒன்று செய்வோம். அதில் இரண்டே நிமிடம் இடைக்காட்சி. அதுவும் மேல்மலைப் பேச்சில். பேராசிரியப் பெருமக்கள் இதனை வீண் பொழுது என்று ஒதுக்காமல், ஆய்வுக்கூடத்தின் கதவை ஒரு மாலை நேரம் திறந்துவைத்தால் நன்றியுடையோம்.

அந்த விளையாட்டைக் கொண்டுபோய் அப்பத்தாக்களின் முன் வைப்போம். "அவன் எதுக்குடா ஓடுறான்?" என்று அவர்கள் கேட்கட்டும். பதில் சொல்லத் தெரிந்த பேரன்களை உருவாக்குவோம். புரியும் மொழியில் நெஞ்சைத் தொடும்படி சொல்லிப் பாருங்கள். ஸ்கிப் பொத்தானில் தூசி படியும்!