குணமானோர் பட்டியல் யாருடைய கணக்கு?

காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்று எழுதிக் கொடுத்து விடுகிறார்கள். 2020 மே மாதம் மத்திய அரசு போட்ட விதி இது: லேசான கொரோனா நோயாளிக்கு அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகி, கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லையென்றால் மறுசோதனைகூட வேண்டாம், வீட்டுக்கு அனுப்பலாம். படுக்கை பற்றாத காலம், அந்த விதிக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பியவர்களை எல்லாம் ‘குணமடைந்தோர்’ என்ற கட்டத்தில் போட்டுத் தினமும் அறிக்கை விட்டார்களே, அந்த வார்த்தையைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம். கட்டிலை விட்டு இறங்கினவன் எல்லாம் குணமானவனா?

எங்கள் தெருவில் ஓர் அக்கா, நடவுக்குப் போகிறவர். 2006இல் சிக்குன்குனியா ஊரையே படுக்கப் போட்டபோது அவருக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. மணிக்கட்டும் விரலும் விடவில்லை. “நாத்து முடியப் பிரிக்க முடியலடா தம்பி, அப்புறம் எங்க நடவுக்குப் போறது?” என்பார். ஆஸ்பத்திரியில் காட்டினால், “அதான் காய்ச்சல் போயிடுச்சுல்ல, வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம்” என்று வலி மாத்திரையைக் கொடுத்துத் துரத்தினார்கள். சோம்பேறித்தனம்! இது மருத்துவம் இல்லை தோழர்களே, பண்ணையார் பாஷை.

அந்த ஓர் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13 லட்சம் பேருக்கு மேல் சிக்குன்குனியா என்று சந்தேகிக்கப்பட்டதாக அரசுக் கணக்கே சொன்னது. 1952-53இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் இந்நோய் கண்டறியப்பட்டபோது, அங்குள்ள மகொண்டே மக்களின் மொழியிலிருந்துதான் பெயர் எடுத்தார்கள். வளைந்து குனிந்து போவது என்று பொருள். அந்த மக்கள் நோயாளியின் உடம்பைப் பார்த்துப் பேசினார்கள். நம் அதிகாரிகள் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

உடம்புக்குள் நடப்பது என்ன? வைரஸ் புகுந்ததும் நம் வெள்ளணுக்கள் அதன் புரதத்தின் அடையாளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தாக்குகின்றன. அந்த அடையாளம் நம் சொந்தத் திசுவில் உள்ள ஒரு புரதத்தைப் போலவே இருந்துவிட்டால், வைரஸ் போன பிறகும் அடி நிற்காது. நம் மேலேயே விழும். தொற்று கடுமையாகித் திசு நொறுங்கினால், செல்லுக்குள் மறைந்திருந்த பொருள்கள் வெளியே சிந்தும். அவற்றையும் அந்நியம் என்று எடுத்துக்கொண்டு அடிக்கும். இப்படி வருவதைத்தான் தன்னுடல் தாக்கு நோய் என்கிறோம். சிக்குன்குனியா மூட்டுவலி முழுக்க இந்த வகைதானா, வைரஸின் எச்சம் மூட்டில் தங்கி வேலை செய்கிறதா என்ற விவாதம் தீரவில்லை. ஆனால் சிலருக்கு அது முடக்குவாதம் போலவே வருடக்கணக்கில் நிற்கிறது என்பதில் விவாதமே இல்லை.

“அதுக்கு ஆதாரம் இருக்கா?” என்பான் படித்தவன். இருக்கிறது. 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு: எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு, நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு. வைரஸ் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தொற்றுகிறது, நோய் மிகச் சிலருக்கே வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023இல் ஜெர்மனி: கொரோனா வந்த 6 லட்சத்து 40 ஆயிரம் பேரைப் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் 15 பேருக்குப் புதிதாகத் தன்னுடல் தாக்கு நோய். தொற்று வராதவர்களில் சுமார் 11 பேருக்கு. 2024இல் கொரியா, ஜப்பான்: தொற்று எவ்வளவு கடுமையோ, பின்னால் வாத நோய் வரும் ஆபத்தும் அவ்வளவு அதிகம். உடனே ‘எல்லாம் தடுப்பூசியால்தான்’ என்று ஒருவன் கிளம்புவான். அதே ஆய்வில், லேசாகத் தொற்று வந்தவர்களில் தடுப்பூசி போட்டிருந்தவர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது.

இப்போது கவனியுங்கள். அமெரிக்காவில் எப்படிக் கண்டார்கள்? ராணுவத்தில் 1 கோடிப் பேரின் ரத்தத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, 20 ஆண்டுக்கு மேல் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். ஜெர்மனியில் எப்படிக் கண்டார்கள்? காப்பீட்டுப் பதிவேட்டில் ஒவ்வொரு ஆளும் எப்போது எந்த நோய்க்குப் போனார் என்று இருந்தது. எங்க அக்காவுக்கு என்ன இருந்தது? மஞ்சள் ஓ.பி. சீட்டு. அதுவும் மழையில் கரைந்துபோனது. பதிவேடு இல்லாத உடம்புக்கு நோய்க்கும் நோய்க்கும் தொடர்பு கிடையாது! ‘இங்கே அப்படி எதுவும் பெரிதாகத் தெரியவில்லை’ என்று சொல்கிறவர்களே, நீங்கள் எப்போது எண்ணிப் பார்த்தீர்கள்?

இதில் ஒரு கூட்டம் ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டு’ என்று பொடியும் டப்பாவும் விற்றுக் காசு பார்த்தது. கூட்டினால் போதும் என்றால், தன் எதிர்ப்பு அணுக்களே மூட்டை அரிக்கிறவளுக்கு என்ன பதில்? தன்னுடல் தாக்கு நோய்க்காரர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள். பெண் வலிக்கிறது என்றால் நடிப்பு, கூலிக்காரப் பெண் என்றால் சோம்பல். அவளுக்கு வலி ஊசியைக் குத்தி மறுநாள் களைவெட்ட அனுப்புகிறான். அந்த ஊசியும் மாத்திரையும் வருடக்கணக்கில் தொடர்ந்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும், மூட்டும் காப்பாற்றப்படாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டு தேயாமல் தடுக்க மருந்து இருக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில் எடுக்கிற அந்த மருந்துகளில் சில விலை அதிகமில்லாதவை. ஆக இல்லாதது மருந்தில்லை, கேட்கிற காது.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீடுவீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கத் தொடங்கினார்கள். நல்லது. அப்படி வாசலுக்கு வருகிறவர்கள் இன்னும் மூன்று கேள்வி கேட்கட்டும். காலையில் விரல் மடங்க அரை மணிக்கு மேல் ஆகிறதா? மூட்டு வீங்கியிருக்கிறதா? ஆறு வாரம் தாண்டியும் நிற்கிறதா? ஆம் என்றால் வாத நோய் மருத்துவரிடம் அனுப்பி, பதிவேட்டில் ஏற்றி, ஆண்டாண்டு பின்தொடர வேண்டும். ‘குணமடைந்தோர்’ என்ற கட்டத்துக்குப் பதில் ‘வீட்டுக்கு அனுப்பப்பட்டோர்’ என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

அவர்கள் எழுதுகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா? இரண்டு குயர் நோட்டு ஒன்று வாங்குங்கள். உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். காய்ச்சல் எப்போது வந்தது, வலி எப்போது தொடங்கியது, எத்தனை நாள் கூலி போனது என்று வீட்டுக்கு வீடு கேட்டு எழுதுங்கள். பேரை மறைத்து, கணக்கை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசை மேல் கொண்டு போய் வையுங்கள். ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கட்டும்.