நெய்தல் நிலத்துச் சொற்கள்

பூம்புகார்க் கடற்கரையில், மாலைப்பொழுதில் வலையைச் செப்பம் செய்துகொண்டிருக்கும் மீனவர் பேச்சைச் சற்று நின்று கேட்பவர், தமிழ் நன்கு கற்றவராயினும், சில சொற்களுக்குப் பொருள் காணாது திகைப்பர்.

"நீவாடு எப்படி, மாமா?" என்பான் இளையவன்.

"தெற்கே பலமாய் இழுக்கிறது, மாப்பிள்ளை. நாளைக்குப் பாடு இராது" என்பார் முதியவர்.

நீவாடு என்பது கடலின் நீரோட்டம். நீர்வாடு என்னும் சொல்லே இவ்வாறு மருவிற்று. பாடு என்பது வலையில் அகப்படும் மீன். நூல்களில் பாடு என்னும் சொல் உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும். கடலில் இவையெல்லாம் வேறுவேறல்ல என்பதை அறிந்தவனே அச்சொல்லை வலையின் பயனுக்கும் வைத்தான் போலும்.

காற்றுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களும் இத்தகையனவே. கொண்டல் கீழ்காற்று, கோடை மேல்காற்று, வாடை வடகாற்று, தென்றல் தென்காற்று என மாணவர் மனப்பாடம் செய்வர். யாழ்ப்பாணக் கரையினரோ தெற்கிலிருந்து வீசுவதைச் சோழகம் என்றும், மேற்கிலிருந்து வீசுவதைக் கச்சான் என்றும் கூறுவர். புலவர்க்குத் தென்றல் இன்பம் தருவது. மீனவர்க்குச் சோழகம் கலத்தைக் கரைசேர்ப்பதா, கவிழ்ப்பதா என்பதே கேள்வி. படகின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம். இவ்விரண்டும் எத்துணை அழகிய சொற்கள்! இவற்றைக் கேட்டறியாத நாம் 'முன்பக்கம், பின்பக்கம்' என்று எழுதி அமைகின்றோம்.

இச்சொற்களைக் கொச்சை என்று ஒதுக்குவோர் உளர். அது முறையன்று. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், அந்நூலுக்கு உலக வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே முதலாகக் கூறுகின்றது. நூலுள்ளும் திசைச்சொல்லுக்கு இடம் உண்டு. ஆசிரியர் ஏற்ற வழக்கை மாணாக்கர் தள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? வேற்றுமொழிக் கலப்பைக் காட்டிக் குறை கூறுவதும் பொருந்தாது. சுக்கான், மாலுமி என்பன அரபு மொழியிலிருந்தும், நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. பல நாட்டுக் கலங்களும் வந்து தங்கிய துறைகளில் பல நாட்டுச் சொற்களும் தங்குதல் இயல்பே. மீகாமன் என்னும் பழஞ்சொல்லை மறந்தது நம் குற்றம்; மாலுமியின் குற்றமன்று. தமிழும் வாங்கியதோடு நில்லாமல் கொடுத்திருக்கின்றது. இலேசான மரங்களை ஆணியின்றிக் கயிற்றால் பிணைத்து, கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர்த்தும் நம் கட்டுமரத்தின் பெயர் ஆங்கிலம் முதலிய மொழிகளில் புகுந்துவிட்டது. இன்று அங்கே அப்பெயர் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கின்றது. பெயர் கடல் கடந்தது. பொருள் வழியில் மாறிற்று.

கலம் மூழ்கினால் அதனோடு அதன் கதையும் மூழ்கும். ஆயினும் கடல் சிலவற்றை மறைத்துவைத்துப் பின்னர்க் காட்டுகின்றது. பூம்புகாரை அடுத்த கடலில், ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில், உடைந்த கப்பல் ஒன்றின் எச்சங்கள் கண்டறியப்பட்டன. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் அதனை ஆராய்ந்தனர். பீரங்கியும் ஈயக்கட்டிகளும் அங்குக் கிடந்தன. அக்கட்டிகளில் இங்கிலாந்தில் ஈயத் தொழில் நடத்திய பிளாக்கெட் என்னும் பெயரும், 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வளவு தொலைவிலிருந்து வந்த பாரம் காவிரியின் வாயிலுக்கு அருகே அடங்கிற்று. இலங்கையின் தென்கரையில் கொடவாய என்னும் ஊரை அடுத்துக் கிடைத்த கலம் இதனினும் மிகப் பழையது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அதில் கண்ணாடிக் கட்டிகளும் அரைக்கும் கற்களும் இருந்தன. அதனை முதலில் கண்டவர் கற்றறிந்த ஆராய்ச்சியாளர் அல்லர். கடலில் மூழ்கித் தொழில் செய்யும் அவ்வூர் மீனவரே.

இதில் வியப்பில்லை. கடலடியில் எங்கே பாறை, எங்கே சேறு, எங்கே வலை சிக்கும் என்பதை அறிந்தவர் அவரே. கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பர். அங்கு மீன் கூடும். மூழ்கிய கலமும் காலப்போக்கில் பார் போலவே ஆகிவிடும். அதன்மேல் சிப்பி படிந்து, மீன் புகலிடம் கொள்ளும். அவ்விடத்தை மீண்டும் அடைய, கரையில் தெரியும் கோபுரத்தையும் அதன் முன் நிற்கும் பனையையும் ஒரு நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பர். வேறொரு திசையில் அவ்வாறே மற்றொரு கோடு கொள்வர். இரண்டும் வெட்டுமிடமே அவர் தேடும் இடம். இன்று செயற்கைக்கோள் கருவி அவ்வேலையைச் செய்கின்றது. கருவி நல்லதே, உயிர் காப்பதை வெறுப்பார் யார்? ஆயின் கருவி காட்டுவது எண். முதியவர் கூறுவது பெயர். பெயரை வழங்குவார் குறையக் குறைய, அப்பெயருக்குள் அடங்கிய அறிவும் குறைகின்றது.

சொல்லறிவு உயிர் காத்த கதை ஒன்று புகார் நகரத்துக்கே உரியது. மணிமேகலையில் வரும் சாதுவன் வங்கம் ஏறிச் சென்றபோது, காற்றால் கலம் உடைந்தது. ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றி நாகர் வாழும் மலையை அடைந்தான். அவர்கள் அவனைக் கொன்று தின்னக் கருதினர். அவனோ அவர் மொழியை முன்னரே கற்றிருந்தான், அம்மொழியிலேயே பேசினான், பிழைத்தான். அவனைக் காத்தது பொருளன்று, படையன்று.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939-இல் அனுபந்தமும் வந்தது. பெரும்பணி அது. ஆயினும் அகராதி செய்வோர் ஏட்டை நாடிய அளவு கரையை நாடினர் என்று கூற இயலாது. அக்குறையைத் தீர்க்கப் பெருஞ்செல்வம் வேண்டா. கடலோரப் பள்ளி ஒவ்வொன்றிலும் மீனவர் மக்கள் பயில்கின்றனர். தம் பாட்டனார் வலைக்கும், மீனுக்கும், அலைக்கும், காற்றுக்கும் கூறும் பெயர்களை அவர்கள் ஒரு சுவடியில் எழுதிவருமாறு ஆசிரியர் பணிக்கலாம். எழுத்துப்பிழை இருப்பின் திருத்தலாம்; சொல்லை மட்டும் திருத்தலாகாது. நீவாடு என்று சிறுவன் எழுதினால், அதனை அடித்து நீரோட்டம் என்று மேலே எழுதும் செம்மை வேண்டா.