தலைவர்களின் சமூக ஊடகப் பேச்சை எப்படி அளப்பது?
நிலைப்பாட்டு அறிக்கை

தலைவர்கள் முகநூலிலும் டிக்டொக்கிலும் பேசுவது நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களின் லயன்களுக்கு உடனுக்குடன் வந்து சேர்கிறது. ஆனால் எது அநாகரிகம் என்பதற்குக் கட்சிக்கொரு அளவுகோல் இருக்கிறது. எனவே, தோட்ட மக்களிடையே பணியாற்றும் அமைப்பாகிய நாம் எமது நிலைப்பாட்டை அறிவிக்கிறோம்.

1. கடுமை வேறு, இழிவு வேறு. 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபாய் நாட்சம்பளம் அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் முடிவான அடிப்படைச் சம்பளமோ 1,350 ரூபாய். "மிச்சம் எங்கே?" என்று தலைவரின் பதிவின் கீழ் கோபத்தோடு கேட்கும் தொழிலாளி நாகரிகம் தவறியவர் அல்லர். பணிவில்லை என்று சொல்லி அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பதை ஏற்கமாட்டோம். பிறப்பு, சாதி, தொழில், உடல், குடும்பம் ஆகியவற்றைத் தாக்குவதே அநாகரிகம். பகிடியாகச் சொன்னாலும் அது அநாகரிகமே.

2. பேசுபவரின் இடத்தையும் பார்க்க வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டது மலையகத் தோட்டச் சமூகம். 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்ற வசைகளுக்குப் பின்னால் அந்த வரலாறு நிற்கிறது. வெறுப்புப் பேச்சை அளக்க ஐ.நா.வின் 2012 ரபாத் செயற்திட்டம் சூழல், பேசுபவர், நோக்கம், உள்ளடக்கம், பரவல், விளையக்கூடிய தீங்கு என ஆறு அளவைகளை முன்வைக்கிறது. தலைவர்களின் பதிவுகளை அளக்கவும் இவை உதவும். ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவருக்குப் பொறுப்பு அதிகம்.

3. பெண்களின் அரசியலை அரசியலாகவே விமர்சிக்க வேண்டும். 2024 பொதுத் தேர்தலில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் அம்பிகா சாமுவேலும் மலையகத்திலிருந்து பாராளுமன்றம் சென்றனர். அவர்களது வாக்களிப்பையும் வாக்குறுதிகளையும் எவரும் கேள்வி கேட்கலாம். உடையும் நடத்தையும் கேள்விக்குரியவை அல்ல.

4. தண்டனை மக்கள்மீது விழக்கூடாது. சாவகச்சேரி வைத்தியசாலையின் குறைகளை முகநூலில் பேசி அறியப்பட்ட இராமநாதன் அர்ச்சுனா, பாராளுமன்ற உறுப்பினரானபின் இழிவான கூற்றுகளுக்காகக் கண்டனத்துக்கு உள்ளானார். 2025 மார்ச்சில் சபாநாயகர் அவரது உரைகளின் நேரடி ஒளிபரப்பைத் தற்காலிகமாக நிறுத்தினார். இழிவான கூற்றுகளை நாமும் கண்டிக்கிறோம். ஆனால் ஒளிபரப்பை நிறுத்துவது, தம் பிரதிநிதியைக் கேட்கும் வாக்காளரின் உரிமையைப் பறிக்கிறது.

5. அநாகரிகத்துக்கு மருந்து சிறை அல்ல. 2007ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் (ஐ.சி.சி.பி.ஆர்.) சட்டத்தின் கீழ், முகநூலில் வெளியிட்ட சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார 2019இல் நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இவ்வாறே பயன்படலாம் என அஞ்சுகிறோம். வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு மட்டுமே சட்டம் தேவை.

கட்சிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் நாம் கோருவன: இழிவான பதிவை ஓசையின்றி அழிக்காமல், அதே பக்கத்தில் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் பெயரில் ஆதரவாளர் நடத்தும் பக்கங்களுக்கும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

வாசகர்களே, வேறு கட்சித் தலைவர் சொன்னால் நீங்கள் கொதிக்கும் சொல்லை உங்கள் தலைவர் சொல்லும்போதும் கண்டியுங்கள். அதைப் பகிராதீர்கள்.