மெல்லப் பாடினால் சும்மாவா?

நோரா ஜோன்ஸின் ‘கம் அவே வித் மீ’ பற்றிக் கதை வந்தால் கனபேர் சொல்லுறது ஒண்டுதான்: “கஃபேயில பின்னுக்கு ஓடவிடுற பாட்டுகள்.” ஜாஸ் பிரியர்களுக்கு இதில ஜாஸ் காணாது. பொப் கேட்கிறவர்களுக்கு நித்திரை வருது. இந்த ரெண்டு பக்கத்தோடயும் எனக்கு உடன்பாடில்லை.

ஏனெண்டால் இந்த அமைதி சும்மா வந்ததில்லை, தேர்ந்தெடுத்தது. அல்பத்துக்காகத் தயாரிப்பாளர் கிரெய்க் ஸ்ட்ரீட்டோடு முதலில் ஒரு சுற்று ஒலிப்பதிவு நடந்தது. கிற்றார்கள் கூட, ஒலியின் அடர்த்தியும் கூட. புளூ நோட் நிறுவனத்துக்கு அது திருப்தியாக இருக்கவில்லை. ஆரிஃப் மார்டினை அழைத்து, பெரும்பகுதியைத் திரும்பப் பதிவு செய்தார்கள். ‘டோன்ட் நோ வை’க்கோ ஆரம்பத்தில் மாதிரிக்காகச் செய்த பதிவையே பெரும்பாலும் அப்படியே வைத்தார்கள். 2002 இல் வெளிவந்தது இந்த வடிவம்தான். ஒதுக்கிவைத்த பதிவுகள் 2022 இல், இருபதாம் ஆண்டுப் பதிப்பில் வெளியாகின. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கோ. எதைக் கழித்தார்கள் எண்டு அப்பதான் விளங்கும்.

14 பாட்டுகளில் நோரா தனியாக எழுதினது இரண்டுதான். மற்றதில ஜெஸ்ஸி ஹரிஸின் பாட்டுகள் இருக்கு, ஹாங்க் வில்லியம்ஸின் பழைய கண்ட்ரி பாட்டு இருக்கு. இவ்வளவு தூரத்துச் சரக்குகளையும் ஒரே வீட்டுச் சாமான் மாதிரி ஆக்கிறது அந்தக் குரல். வரி முடியிற இடத்தில அவர் இழுக்கிறதில்லை, விட்டிட்டுப் போறார். கடைசிப் பாட்டான ‘த நியர்னெஸ் ஒஃப் யூ’வில் குரலும் பியானோவும் மட்டும்தான். ஒளிஞ்சுகொள்ள ஒரு இடமும் இல்லை. கத்தினால் பிழை மறையும், இப்பிடிப் பாடினால் மறையாது.

குறை இல்லையெண்டு சொல்லவில்லை. நடுவில வாற சில பாட்டுகள் ஒரே வேகத்தில போய், ஒண்டோட ஒண்டு கலந்திடுது. அஞ்சு கிராமி வாங்கினதால அது இல்லாமல் போகாது.

ஆனால் எங்கட காதுகளையும் கொஞ்சம் விசாரிக்க வேணும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில உச்சஸ்தாயியைத் தொட்டால்தான் கைதட்டு. மேலே போறதுதான் திறமை எண்டு பழகிப்போனம். தாழ்ந்த குரலில, அடக்கமாக ஒருத்தி பாடினால் “பின்னணி இசை” எண்டு பேர் வைக்கிறம். அவவையும் “ரவி சங்கரின் மகள்” எண்டு அறிமுகப்படுத்திவிட்டு, பாட்டைக் கேட்காமலே நகர்ந்திடுறம்.

ஒருக்கா வேற வேலை ஒண்டும் செய்யாமல் இதைக் கேளுங்கோ. பின்னுக்கு ஓடவிட்டது நாங்கள்தான், அவ முன்னுக்கு நிண்டுதான் பாடினவ.